சான்றிதழை மறைத்து வை என்று சொன்னவள் எழுதுகிறேன்

கன்னியாகுமரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், சேர்க்கை நேர்காணல் நடத்தும் பேராசிரியர்களுக்கும்,

போன ஜூன் மாதம் என்னிடம் ஜெர்மன் படிக்கும் ஒரு பையனிடம், "மக்கா, நாளைக்குக் காலேஜுக்குப் போகும்போது பி1 சர்ட்டிபிகேட்டை எடுத்துட்டுப் போகாண்டாம்" என்று சொன்னேன். பி1 என்பது ஜெர்மன் மொழித்தேர்வின் ஆறு படிகளில் மூன்றாவது. அந்தச் சான்றிதழுக்காக இரண்டு வருடம், பள்ளிக்கூடம் விட்டதும் குளச்சல் பக்கத்திலிருந்து தக்கலைக்கு பஸ் ஏறி வந்தவன் அவன். சொல்லிக்கொடுத்தவள் நான். மறைக்கச் சொன்னவளும் நான்தான். மறைத்தான், சீட்டும் கிடைத்தது. அன்றிலிருந்து இந்த மடலை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

அதற்கு முந்தைய வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். வேறொரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு நேர்காணல். பையன் கணக்கில் நல்ல மார்க். அப்பா பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார் என்பதால் அம்மாவும் நானும் கூடப் போயிருந்தோம். கோப்பைப் புரட்டிய பேராசிரியர் பி1 சான்றிதழில் நின்றார். "ஜெர்மன் எல்லாம் படிச்சிருக்கே. அப்போ அவுஸ்பில்டுங்குக்குப் போறவன்தானே நீ? ரெண்டாவது செமஸ்டர்லேயே டி.சி. கேட்டு வந்து நிப்பே. ஒரு சீட்டு வீணாப்போகும்" என்றார். அவுஸ்பில்டுங் என்பது ஜெர்மனியில் சம்பளத்தோடு வேலை பழகும் படிப்பு. இல்லை சார், கணக்குதான் படிக்கணும் என்று அவன் சொன்னதற்கு ஒரு சிரிப்புதான் பதில். காத்திருப்போர் பட்டியலில் பெயர் போட்டார்கள். அவனைவிடக் குறைந்த மார்க் எடுத்த, அவன் வகுப்பிலேயே படித்த இன்னொரு பையனுக்கு அதே பாடத்தில் அதே வாரம் சீட்டு கிடைத்தது.

அந்தச் சான்றிதழால்தான் சீட்டு தரவில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அதற்குப் பிறகு வேறு கேள்வியே கேட்கப்படவில்லை. கணக்கில் ஒரு கேள்விகூட இல்லை.

நான் முன்பு நர்ஸ். ஜி.என்.எம். முடித்து நாகர்கோவிலில் பல வருடம் குறைந்த சம்பளத்தில் வேலை பார்த்து, முப்பத்து நான்கு வயதில் ஜெர்மனிக்குப் போனவள். அங்கே வெளிநாட்டு நர்ஸாகப் பதிவு பெற வேண்டுமென்றால் பொதுவாக பி2 கேட்பார்கள். படிப்பது, கேட்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். நான் பேச்சில் இரண்டு தடவை தோற்றேன். சென்னையில் ஹாஸ்டலில் இருந்து, ஐந்து வயதுப் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, தாலிச்சங்கிலியை அடகு வைத்துப் படித்தேன். பதினெட்டு வயதில் தொடங்கியிருந்தால் இந்தப் பாடு பட்டிருக்க மாட்டேன். பதினொரு வருடம் கழித்து ஊருக்குத் திரும்பி, வீட்டு மாடியில் வகுப்பு வைத்திருக்கிறேன். போர்டு கிடையாது. கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் நர்ஸிங் பிள்ளைகள். மீதிப் பேர் உங்களிடம் விண்ணப்பித்து வருகிறவர்கள். அதனால் உங்கள் நேர்காணல் அறைகளைப் பற்றி என் காதுக்கு நிறைய வருகிறது.

பையனுடையது ஒரு வகை. என் அண்ணன் மகளுக்கு நடந்தது இன்னொரு வகை. அவள் மேல்நிலை வகுப்பில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவள். பிளஸ் டூவில் 98. அவளைப் பார்த்த உடனே நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் முதலில் நானும் அதையேதான் நினைத்தேன்: மார்க்குக்கு வேண்டி எடுத்தது.

உள்ளதை மறைக்கவில்லை. மார்க்குக்காகத்தான் எடுத்தாள். அவள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் பிரெஞ்சு அகரவரிசையிலிருந்து தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்பில் கேள்வித்தாளுக்குத் தேவையானதை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்து, நூறு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். தமிழில் அதே நூறு வாங்கத் திருக்குறளும் இலக்கணமும் கட்டுரையும் எழுதி முதுகு ஒடிய வேண்டும். மொத்தம் 1200 மார்க் இருந்த காலத்தில் மொழிக்கு 200. அப்போது தமிழை முதல் மொழியாக எடுத்தவர்களின் மாநில ரேங்க் தனி, மற்ற மொழி எடுத்தவர்களுடையது தனி என்று அறிவித்தது உங்களுக்கும் நினைவிருக்கும். 2017-ல் ரேங்க் அறிவிப்பதையே நிறுத்தினார்கள். ரேங்க் போய்விட்டது, சந்தேகம் போகவில்லை.

ஆனால் அவள் விஷயத்தில் இரண்டாம் வருடம் ஒன்று நடந்தது. அவளுக்கு அந்த மொழி பிடித்துப்போய்விட்டது. பள்ளியில் சொல்லித்தராததை எல்லாம் போனில் கேட்டுக் கேட்டுப் படித்தாள். திருவனந்தபுரத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையம் இருக்கிறது, நாகர்கோவிலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே போய் டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வில் ஏ2 படி எழுதித் தேறினாள். இதற்குப் பள்ளியும் பணம் கொடுக்கவில்லை, மார்க்கும் கிடையாது. சும்மா, ஆசைக்கு.

அந்தச் சான்றிதழோடு ஒரு கல்லூரிக்குப் போனாள். நேர்காணல் செய்த அம்மையார் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிரெஞ்சா? தமிழை விட்டுட்டு மார்க்குக்குப் போனவதானே. இங்கே பார்ட் ஒன்னில் தமிழ், இந்தி, மலையாளம்தான். பிரெஞ்சு எடுத்துட்டோம்" என்றார். பார்ட் ஒன் என்பது டிகிரியில் எடுக்கும் மொழிப்பாடம். எடுத்துவிட்டோம் என்றால் நிறுத்திவிட்டோம் என்று பொருள். நான்கு வருடம் முன்புவரை அங்கே பிரெஞ்சு இருந்தது. ஆசிரியர் ஓய்வு பெற்றார், இடத்தை நிரப்பவில்லை, கௌரவ விரிவுரையாளரை வைத்து ஒரு வருடம் ஓட்டினார்கள், பிறகு ஆள் சேரவில்லை என்று மூடினார்கள். ஆசிரியர் இல்லாத பாடத்தில் யார் வந்து சேருவார்கள்?

"நான் தமிழை எங்க விட்டேன் மாமி?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். அவள் கேட்டது சரிதான். 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் இப்போதைய பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்துத்தான் வருகிறார்கள். இவளும் பத்து வருடம் படித்தாள், பொதுத்தேர்வும் எழுதினாள். தேரூர்க்காரரான கவிமணியின் பாட்டை அட்சரம் பிசகாமல் சொல்வாள். மேல்நிலையில் இரண்டு வருடம் வேறு மொழி எடுத்ததால் அந்தப் பத்து வருடம் இல்லாமல் போய்விடுமா? உங்கள் பாடத்திட்டமே அப்படிச் சொல்லவில்லை. பார்ட் ஒன்னில் வேறு மொழி எடுக்கிறவர், பள்ளியில் தமிழ் படித்திருந்தால் பார்ட் ஃபோரில் சிறப்புத் தமிழ் எடுக்க வேண்டும், படிக்காதிருந்தால் அடிப்படைத் தமிழ். அதாவது பிரெஞ்சு எடுத்தாலும் தமிழ் உண்டு. இந்த ஏற்பாடு உங்கள் கையேட்டில் அச்சாகியிருக்கிறது. நேர்காணல் மேசையில் மட்டும் யாருக்கும் நினைவு வருவதில்லை.

மூன்றாவது வகையும் உண்டு. அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண், பள்ளியில் அரபி எடுத்தவள். "அது ஓத்துப்பள்ளியில படிக்கிறதுதானே, அதையெல்லாம் லாங்குவேஜா எடுத்துக்க முடியாது" என்றார்களாம். ஓத்துப்பள்ளி என்றால் மதரசா. ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு அலுவல் மொழிகளில் அரபி ஒன்று. நம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளுக்கு அரபு நாடுகளிலிருந்து மாதாமாதம் பணம் வருகிறது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சொன்னவருடைய வீட்டுக்கும் ஒருவேளை வந்திருக்கலாம்.

ஜெர்மன் எடுத்தவன் ஓடிப்போகிறவன். பிரெஞ்சு எடுத்தவள் மார்க் திருடி. அரபி எடுத்தவள் மதம் படித்தவள். எந்த மொழியைத் தேர்ந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு நோக்கம் இருக்கிறது என்று நீங்களே முடிவு கட்டிவிடுகிறீர்கள். அந்த மொழியில் அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்பதில்லை. என் குறை இந்த ஒன்றுதான். "ஏன் படித்தாய்" என்று கேட்கிறவர்கள் "எவ்வளவு படித்தாய்" என்று ஒரு தடவை கேட்டால் போதும், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

உங்கள் பயத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவுஸ்பில்டுங்குக்குப் பிளஸ் டூவும் பி1 அல்லது பி2-உம் வைத்துக்கொண்டு போகலாம், பெரும்பாலும் மூன்று வருடத்துக்குள் அல்லது அதை ஒட்டி முடிந்துவிடும். என்னிடம் படித்த இரண்டு பேர் டிகிரியைப் பாதியில் விட்டுப் போயிருக்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போலீஸ் தேர்வு எழுதி இரண்டாம் வருடத்தில் போகிறவனும், கல்யாணமாகிப் போகிறவளும், அக்னிவீருக்குப் போகிறவனும் உங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். என்.சி.சி. சான்றிதழ் கொண்டுவருகிற பையனிடம் "பட்டாளத்துக்குப் போயிடுவே" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவனுக்குத் தனி வரிசையே இருக்கிறது. விளையாட்டுக்கும் இருக்கிறது. கபடியில் மாவட்ட அளவில் ஆடினவனுக்கு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு. ஒரு மொழியை இரண்டு வருடம் விடாமல் படித்தவனுக்கு எழுத இடமே இல்லை.

கலிபோர்னியாவில் இருக்கும் என் நாத்தனார் மகன் தன் பெண்ணைக் கல்லூரியில் சேர்த்தபோது சொன்னதும் நினைவுக்கு வருகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு சேர வேண்டுமென்றால் ஆங்கிலம் அல்லாத ஒரே மொழியைப் பள்ளியில் குறைந்தது இரண்டு வருடம் படித்திருக்க வேண்டும், மூன்று வருடமாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். வீட்டில் பேசும் மொழியில் தேர்ச்சி இருந்து அதைக் காட்டினாலும் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேயும் பிள்ளைகள் எது சுலபம், எதில் மார்க் வரும் என்று கணக்குப் போடத்தான் செய்கிறார்கள். பிள்ளைகள் எங்கேயும் பிள்ளைகள்தானே. ஆனால் அவர்கள் பார்ப்பது எத்தனை வருடம் விடாமல் படித்தாய், எந்தப் படிவரை போனாய் என்பதைத்தான். அமெரிக்காவைப் பார்த்துக் காப்பியடியுங்கள் என்று சொல்லவில்லை. அங்கேயும் குறை இருக்கும். இந்த ஒன்று மட்டும் அவர்களிடம் சரியாக இருக்கிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன். பார்ட் ஒன் மொழிக்கு வாரம் ஆறு மணி நேரம், ஒரு செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்துக்கொண்டால் நான்கு செமஸ்டரில் 360 மணி நேரம். என் மாடியில் ஒன்றுமே தெரியாதவரை பி1 வரை கொண்டுவர ஏறக்குறைய இவ்வளவு நேரம்தான் எனக்கு ஆகிறது. அதாவது உங்கள் கல்லூரிகளில் இரண்டு வருடம் வெளிநாட்டு மொழி எடுத்த ஒவ்வொருவரும் அந்த மொழியில் சாதாரணமாகப் பேச, கடிதம் எழுதத் தெரிந்து வெளியே வந்திருக்க வேண்டும். வந்தார்களா? உங்களிடம் பிரெஞ்சு முடித்த இரண்டு பெண்களை எனக்குத் தெரியும். பாரீஸ் நகரத்தைப் பற்றி ஒரு பத்தி மனப்பாடமாக ஒப்பித்தார்கள். "நேற்று என்ன செய்தாய்?" என்று பிரெஞ்சில் கேட்டாள் அண்ணன் மகள், இரண்டு பேரும் முழித்தார்கள். பள்ளி மார்க்குக்காகச் சொல்லிக்கொடுத்தது, நீங்களும் மார்க்குக்காகவே சொல்லிக்கொடுத்தீர்கள். அப்புறம் பிள்ளை மார்க்குக்காக எடுத்தது என்று நீங்களே குற்றம் சொல்கிறீர்கள்.

என் மாணவர்களை வருடத்துக்கு ஒரு தடவை உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப்போவேன். குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிப் படையாளர் டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. 1777-ல் இறந்தார். கல்வெட்டில் லத்தீனும் தமிழும். ஜெர்மன் பேசும் நாட்டிலிருந்து வந்த கிறிஸ்தவ மிஷனரி ரிங்கல்தௌபே தரங்கம்பாடியில் தமிழ் படித்துவிட்டுத்தான் 1806-ல் மயிலாடிக்கு வந்தார். அவரிடம் யாரும் "எதுக்குவே தமிழ் படிச்சீரு?" என்று சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும், இந்த வருடம் வரவில்லை.

என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

அடுத்த கல்வியாண்டுக்கான விண்ணப்பத்தை அச்சிடும் முன், அதில் ஒரு வரி சேருங்கள்: தாய்மொழியும் ஆங்கிலமும் தவிர வேறு எந்த மொழி தெரியும், எந்தப் படிவரை, சான்று உண்டா. அவ்வளவுதான். அதற்கு மார்க் கொடுங்கள் என்றுகூட இப்போதைக்குக் கேட்கவில்லை. எழுத ஓர் இடம் கொடுங்கள், எழுதியதைப் படியுங்கள்.

நேர்காணலில் நோக்கத்தைக் கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்த மொழியில் பத்து நிமிடம் பேசவிட்டுப் பாருங்கள். மார்க்குக்காக மட்டும் படித்தவர் அந்தப் பத்து நிமிடத்தில் தானாகத் தெரிந்துவிடுவார். உங்களிடம் அந்த மொழி ஆசிரியர் இல்லையென்றால் ஜெர்மனுக்கு நான் வருகிறேன். பஸ் கட்டணம்கூட வேண்டாம். பிரெஞ்சுக்கும் அரபிக்கும் ஆள் சொல்கிறேன்.

காத்திருப்போர் பட்டியலில் போடும் பிள்ளைக்குக் காரணத்தை ஒரு வரியில் எழுத்தில் கொடுங்கள். "ஜெர்மன் தெரியும்" என்று எழுதக் கூச்சமாக இருந்தால், அதைக் காரணமாகவும் வைக்காதீர்கள்.

பார்ட் ஒன்னில் வெளிநாட்டு மொழியை ஆள் குறைவு என்று மூடுவதற்கு முன், பக்கத்துக் கல்லூரியோடு பேசுங்கள். நாகர்கோவிலைச் சுற்றி எத்தனை கல்லூரி, ஒன்றுக்கொன்று ஒரு டவுன் பஸ் தூரம். ஒரு ஆசிரியரை மூன்று கல்லூரிகள் பகிர்ந்துகொண்டால் எந்த வகுப்பிலும் ஆள் குறையாது. தன்னாட்சிக் கல்லூரிகள் இன்னொன்றும் செய்யலாம். பாடத்திட்டக் குழு உங்கள் கையில் இருக்கிறது, மொழித்தாளில் பேச்சுத் தேர்வைச் சேருங்கள். கொஞ்ச மார்க் போதும். டெல்ஃப், ஜெர்மனுக்கான கொய்தே, ஜப்பானிய மொழிக்கான ஜே.எல்.பி.டி. போன்ற தேர்வுகளில் தேறியவர்களுக்குக் கூடுதல் கிரெடிட் கொடுங்கள். இணையவழி ஸ்வயம் படிப்புகளுக்கு 2016-லேயே யு.ஜி.சி. கிரெடிட் வழி திறந்துவிட்டது. வெளியே படித்ததை உள்ளே ஏற்பது உங்களுக்குப் புது விஷயம் இல்லை.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வரும். அதற்குள் உங்களில் ஒரு கல்லூரியாவது பதில் எழுதும் என்று எதிர்பார்க்கிறேன். என் வகுப்பில் இப்போது பிளஸ் டூ படிக்கிறவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஃபைலில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டும்.

குளச்சல் பையனின் சான்றிதழ் இன்னும் என் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. போன வாரம் வந்திருந்தான். "டீச்சர், இப்ப சேர்ந்தாச்சுல்லா, இனி எங்க பிரின்சிபல்கிட்ட கொண்டு காட்டலாமா?" என்று கேட்டான். பதில் சொல்லாமல் டீ போடப் போய்விட்டேன். அவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே எழுதி அனுப்புங்கள்.

தக்கலை அருகே வீட்டு மாடியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கும் முன்னாள் நர்ஸ்